ஏற்றுமதிப் பேப்பர் வேலைக்குக் கிருஷ்ணகிரியிலேயே ஓர் அலுவலகம்: இரண்டு சீசன் அனுபவம்

பெங்களூர் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த ஏற்றுமதி ஆவண அலுவலகத்துக்கு இரண்டு சீசனாகப் போய் வருகிறேன். எங்கள் சரக்கு இதுவரை நான்கு முறை இவர்கள் கையால் போயிருக்கிறது. இரண்டு நெதர்லாந்தில் இருக்கும் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு, ஒன்று துபாய்க்கு, ஒன்று லண்டனுக்கு. ஐந்துக்கு நாலரை தருவேன். அரை ஏன் குறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் பெரிய கம்பெனி இல்லை. சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் 34 பேர் சேர்ந்து, பெங்களூரா மாங்காயை ஒரு தொழிற்சாலையில் கூலிக்குக் கொடுத்துக் கூழாக்கி, டிரம்மில் அடைத்து விற்கிறோம். தோட்டத்து வேலை எங்களுக்குத் தெரியும், கூழின் இனிப்பு எத்தனை பிரிக்ஸ் என்று பார்க்கவும் கற்றுக்கொண்டோம், ஆனால் ஷிப்பிங் பில், பேக்கிங் லிஸ்ட், ஆரிஜின் சர்டிபிகேட் (சரக்கு எந்த நாட்டில் உண்டானது என்பதற்கான சான்று) என்று ஆரம்பித்தால் கை நடுங்கும். இந்த அலுவலகத்துக்கு வருவதற்கு முன்னால் வேறு ஊரில் ஒரு ஏஜென்டைப் பிடித்து முதல் முறையாகக் கொழும்புக்கு 20 டிரம் அனுப்பினோம். அதில் பட்ட அடிதான் என்னை இங்கே கொண்டுவந்தது.

நடந்தது இதுதான். கொழும்புக்காரர் கேட்டது இந்தியா–இலங்கை ஒப்பந்தப்படியான ஆரிஜின் சர்டிபிகேட். அந்த ஏஜென்ட் எடுத்துக்கொடுத்தது சாப்டா சர்டிபிகேட், அதாவது சார்க் என்ற தென்னாசியக் கூட்டமைப்பு நாடுகளுக்குப் பொதுவான வரிச் சலுகை ஒப்பந்தத்தின் படிவம். இரண்டும் இலங்கைக்குச் செல்லும், ஆனால் இரண்டுக்கும் விதி வேறு, வரிச் சலுகைப் பட்டியல் வேறு. எங்களுக்கு அது தெரியாது, ஏஜென்ட் பார்க்கவில்லை. புதுப் பேப்பர் போய்ச் சேரும் வரைக்கும் சரக்கு 11 நாள் துறைமுகத்தில் கிடந்தது. வாடகை, அபராதம் எல்லாம் கழித்துவிட்டு எங்கள் கைக்கு வந்ததை 34 பேருக்குப் பிரித்தபோது, ஒரு பெரியவர் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இங்கே அலுவலகத்தை நடத்துபவர் ஒரு அக்கா. சென்னையில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் கம்பெனிகளில் 20 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். முதல் நாள் போனதும் விலைப் பேச்சே எடுக்கவில்லை. கொழும்புக் கோப்பை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், தவறு இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார், "இது உங்க தப்பு இல்ல தம்பி, ஆனா இனிமே நீங்களும் தெரிஞ்சுக்கணும்" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"உங்கப்பா வண்டி ஓட்டினவர்தானே, ஜூஜூவாடியில நின்னிருப்பாரே?" என்று கேட்டார். நின்றிருக்கிறார். எங்கள் அப்பா 407 வண்டியில் மாங்காய் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மண்டிக்குப் போவார். ஓசூர் தாண்டி ஜூஜூவாடி செக்போஸ்டில் லாரி வரிசை நீண்டு நிற்கும், மே மாத வெயிலில் தார்ப்பாய்க்குள் காய் வெந்து வாசம் கிளம்பும், பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் மேல் அடுக்கு பழுத்துவிடும். 2017 ஜூலை 1 ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்டுகளை எடுத்துவிட்டார்கள். "பேப்பர் ஒழியல, இ–வே பில் இன்னிக்கும் போடறோம். ஆனா வண்டி நிக்கிற எடம் ஒழிஞ்சுது. இதையே ஆறு நாடு 1968லயே பண்ணாங்க, அதுவும் ஜூலை 1தான்" என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறும் 1951இல் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அமைப்பின் கீழ் வைத்தன. துப்பாக்கியும் டாங்கியும் செய்ய வேண்டிய பொருளே அதுதான். பிரான்சும் ஜெர்மனியும் 1870இல் ஒரு போர், 1914இல் ஒன்று, 1939இல் ஒன்று என்று மூன்று முறை மோதிக்கொண்டவர்கள், போர் முடிந்து ஆறே வருஷத்தில் இப்படிச் செய்திருக்கிறார்கள். 1957இல் ரோமில் பொதுச் சந்தைக்குக் கையெழுத்து. 1968இல் தங்களுக்குள் சுங்கவரியை முழுக்க எடுத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் பொருளுக்கு ஆறு பேரும் ஒரே வரி என்று வைத்துக்கொண்டார்கள். 1993 ஜனவரி 1 முதல் உள்ளுக்குள் சரக்குக்கு எல்லைச் சோதனையே கிடையாது. இன்று அதுதான் 27 நாடு சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியம். இதையெல்லாம் பள்ளியில் படித்தபோது பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு விட்டேன், எங்கள் டிரம்மோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் உயிர் வந்தது.

முதல் ராட்டர்டாம் சரக்கு எப்படிப் போனது என்று சொல்கிறேன். 20 அடி கன்டெய்னரில் 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ, உள்ளே அசெப்டிக் பை, அதாவது கிருமி புகாத பை. வாங்கியவர் நெதர்லாந்துக்காரர், ஆனால் அவர் அதில் 50 டிரம்மை ஜெர்மனியில் ஒரு ஜூஸ் கம்பெனிக்கும் 30 டிரம்மைப் போலந்துக்கும் முன்னாலேயே விற்றிருந்தார். கொழும்பு அனுபவத்தில் நான் பயந்துபோய், அக்கா மூன்று நாட்டுக்கும் தனித்தனிப் பேப்பர் போடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார்: ராட்டர்டாமில் ஒரு முறை வரி கட்டி வெளியே வந்துவிட்டால் அந்தக் கூழுக்கு நெதர்லாந்துக் கூழுக்கு உள்ள அதே உரிமை, போலந்து எல்லையில் யாரும் மறுபடி வரி கேட்க முடியாது. அப்படியென்றால் வரிப்பணம் முழுக்க நெதர்லாந்துக்கா என்று கேட்டேன். இல்லை, வசூலித்த கூலிக்கு நெதர்லாந்து 25 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதி 75 சதவீதத்தை ஒன்றியத்தின் பொதுக் கஜானாவுக்குக் கட்டிவிட வேண்டும். துறைமுகம் வைத்திருப்பவனே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டால், கடலே இல்லாத நாடு எதற்குக் கூட்டில் இருக்கும்? இந்தக் கணக்கை முதலிலேயே பேசி முடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் 34 பேர் கூட்டிலேயே எடைமேடை யார் ஊரில் என்பதற்கு இரண்டு மாதம் பேசியிருக்கிறோம்.

லாரி ஜெர்மனிக்குள் போனபோது அங்கிருந்து ஒரு புகைப்படம் அனுப்பினார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நீலப் பலகை, அதில் 12 நட்சத்திர வட்டம், வட்டத்துக்கு நடுவே நாட்டின் பெயர். கேட் இல்லை, குறுக்குக் கட்டை இல்லை, வண்டி நின்ற மாதிரியே தெரியவில்லை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, "செக்போஸ்ட் எங்க?" என்று கேட்டார். (2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி எல்லாத் தரை எல்லைகளிலும் ஆட்களைச் சோதிக்கிறது, அதனால் சில இடத்தில் வண்டிகள் தாமதமாகின்றன. ஆனால் அது குடியேற்றத்துக்கான சோதனை, சரக்குக்கு வரி போடும் சோதனை இல்லை.)

இனி மருந்து விஷயம். மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். ஒரே சந்தை என்றால் ஒரே சட்டம் என்றும் அர்த்தம். பூச்சிமருந்து எச்சத்துக்கு 27 நாட்டுக்கும் ஒரே அளவு. தனியாக அளவு குறிப்பிடாத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். குளோர்பைரிபாஸை 2020இல் தடை செய்துவிட்டார்கள், நம் பக்கம் எத்தனை தோப்பில் அது அடிக்கப்படுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு துறைமுகத்தில் எச்சம் பிடிபட்டால் அவர்களுடைய அவசரத் தகவல் வலை வழியாக எல்லா நாட்டுக்கும் செய்தி போய்விடும், நெதர்லாந்தில் மாட்டியதை இத்தாலியில் விற்கலாம் என்ற பேச்சே இல்லை. அக்கா இதைப் பூ எடுக்கும் முன்பே சொல்லி, எங்கள் 34 பேரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, எந்த மருந்து எப்போது நிறுத்த வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் பல வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

2014 ஞாபகம் இருக்கும். பழ ஈ இருக்கிறது என்று மே 1 முதல் இந்திய மாம்பழத்தை ஐரோப்பிய ஒன்றியம் மொத்தமாக நிறுத்தியது, நல்ல சீசன் தொடங்கும் நேரத்தில். அப்போது பிரிட்டனும் உள்ளே இருந்ததால் லண்டன் கடைகளுக்கும் பழம் போகவில்லை. 2015 ஜனவரியில்தான் தடையை எடுத்தார்கள். கூழுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், ஒரு கதவு திறந்தால் எல்லாம் திறக்கும், மூடினால் எல்லாம் மூடும் என்பது அன்றைக்கு இந்தப் பக்கம் பழம் அனுப்பிய எல்லோருக்கும் புரிந்தது. கூட்டுக்கு இந்தப் பக்கமும் உண்டு, அக்கா அதை மறைக்காமல் சொன்னார்.

லண்டன் சரக்குதான் நான்கில் அதிகம் அலைக்கழித்தது. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்திலிருந்து விலகியது, அந்த வருஷக் கடைசி வரைக்கும் பழைய விதியே ஓடியது, 2021 முதல் எல்லாம் தனி. ராட்டர்டாமில் இறக்கி லண்டனுக்கு லாரியில் அனுப்பும் பழைய வழி இப்போது இரண்டு முறை கஸ்டம்ஸ். லேபிளில் பிரிட்டன் முகவரி தனியாக வேண்டும், இறக்குமதி செய்பவரின் பதிவு எண் தனி. வட அயர்லாந்துக்கு என்றால் அதுவும் வேறு கதை, அங்கே சரக்குக்கு இன்னும் ஐரோப்பிய விதிதான். அக்கா மேசையில் இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், 80 டிரம் போன ராட்டர்டாம் கோப்பைவிட 24 டிரம் போன லண்டன் கோப்பு தடியாக இருந்தது. அவர்கள் விலகியது அவர்கள் நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தடிப்புக்கு ஆன செலவில் ஒரு பங்கு சந்தூரில் இருக்கும் ஒருவருடைய காய் விலையிலிருந்து போகிறது.

துபாய் சரக்கு சுலபமாகப் போனது, அதிகம் சொல்ல இல்லை. வளைகுடாவில் சவுதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறும் 1981இல் கூட்டமைப்பு தொடங்கி, 2003 முதல் வெளியாருக்குப் பொதுவாக 5 சதவீத வரி என்று வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அமீரகம் தனியாக நம்மோடு ஓர் ஒப்பந்தம் போட்டு அது 2022 மே 1 முதல் நடக்கிறது. ஐரோப்பாவில் அப்படி முடியாது, நெதர்லாந்து எவ்வளவு ஆசைப்பட்டாலும் இந்தியாவோடு தனியாக வரி பேச முடியாது, 27க்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 2007இல் தொடங்கிய பேச்சு 2013இல் நின்று 2022இல் மறுபடி ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வளைகுடாவைப் பற்றிப் பேசும்போது அக்கா குரல் மாறியது. 2017 ஜூனில் சவுதியும் அமீரகமும் பஹ்ரைனும் எகிப்தோடு சேர்ந்து கத்தாருக்கு வழியை அடைத்தபோது அவர் சென்னையில் வேலையில் இருந்தாராம். துபாயில் இறக்கி தோஹாவுக்கு மாற்ற வேண்டிய கன்டெய்னர்கள் எல்லாம் திணறி, அப்புறம் ஓமனின் சொஹார், சலாலா துறைமுகம் சுற்றிப் போயின. 2021 ஜனவரியில்தான் சமாதானம் ஆனது. "வரி ஒண்ணா வெச்சுக்கறது பாதிதான் தம்பி, சண்டை வந்தா எங்க உக்காந்து பேசறதுன்னு முன்னாடியே இருக்கணும்" என்றார். ஐரோப்பாவில் அதற்கு லக்சம்பர்கில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது, அது சொன்னால் ஜெர்மனியும் கேட்க வேண்டும். நம் பக்கத்திலேயே பாருங்கள், தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து ஓசூருக்குள் நுரையோடு வருகிறது, ஒரே நாட்டுக்குள் இரண்டு மாநிலம், இன்னும் பேசி முடியவில்லை.

கடைசியில் சார்க்குக்கு வந்தோம். 1985 டிசம்பர் 8, டாக்காவில் ஏழு நாடு சேர்ந்து தொடங்கினார்கள், 2007இல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. சாப்டா 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலைவர்களின் கடைசி மாநாடு நடந்தது 2014இல் காட்மாண்டுவில். 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய மாநாடு ரத்தானது, அதன் பிறகு மாநாடே இல்லை. ஐரோப்பிய நாடுகளின் வியாபாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் தங்களுக்குள்ளேயே நடக்கிறது, தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகளில் கால்வாசியை ஒட்டி இருக்கிறது, நம் சார்க்கில் 5 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. சலுகை தராத பொருள் என்று ஒவ்வொரு நாடும் ஒரு நீளப் பட்டியல் வைத்திருக்கிறது. வங்கதேசத்துக்குப் பெட்ராபோல் வழியாகப் போகும் நம் லாரி, எல்லை தாண்டி பெனாபோல் யார்டில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும், அங்கிருந்து அவர்கள் லாரி. நேபாளம், பூடான் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் சார்க்கால் இல்லை, தனித்தனி ஒப்பந்தங்களால்.

கிருஷ்ணகிரியிலிருந்து கொழும்பு, டெல்லியைவிடப் பக்கம். வாங்குபவரோடு தமிழிலேயே பேசுகிறேன், அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் எனக்கு வருகிறது. அவருக்கு 20 டிரம் அனுப்பி 11 நாள் தவித்தோம், பாஷை தெரியாத போலந்துக்கு 30 டிரம் ஒரு கேள்வி இல்லாமல் போய்ச் சேர்ந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. தென்னாசியாவில் இதைச் செய்யவே முடியாது என்று நான் நம்பவில்லை. மூன்று போர் போட்டவர்கள் செய்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை, நிலக்கரியில் ஆரம்பித்தார்கள். நமக்கு ஒரே மாதிரி ஆரிஜின் சர்டிபிகேட், ஒரே மாதிரி எச்ச அளவு, ஒரு நாட்டு லேப் ரிப்போர்ட்டை இன்னொரு நாடு ஏற்பது என்ற மூன்றிலிருந்து ஆரம்பித்தால்கூட எங்களைப் போன்ற சின்னவர்களுக்குப் போதும். பெரிய கம்பெனிக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. பேப்பர் கூடக்கூட அடி விழுவது சின்னவனுக்குத்தான்.

சரி, அலுவலகத்துக்கு வருகிறேன். முதல் ஆலோசனைக்கு 1,000 ரூபாய், அவர்கள் மூலமாகவே சரக்கு அனுப்பினால் அதைக் கழித்துவிடுகிறார்கள். ஒரு கன்டெய்னர் பேப்பர் வேலைக்கு எங்களிடம் 9,000 வாங்கினார்கள், லண்டனுக்கு 14,000. அரசுக் கட்டணம், லேப் செலவு தனி, ரசீது எல்லாவற்றுக்கும் தருகிறார்கள். அனுப்புவதற்கு முன் எல்லாப் பேப்பரையும் நம்மிடம் ஒரு முறை படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவது எனக்குப் பிடித்த வழக்கம். ஒரு முறை டிரம் எண்ணிக்கையில் இன்வாய்ஸுக்கும் பேக்கிங் லிஸ்டுக்கும் வித்தியாசம் இருந்ததை அங்கேயே கண்டுபிடித்துத் திருத்தினோம்.

குறை என்றால், ஜூன், ஜூலையில் போன் எடுப்பதே இல்லை. இரண்டு பையன்கள்தான் உதவிக்கு, அவர்களிடம் கேட்டால் "அக்கா வரட்டும்" என்பார்கள். இரண்டாவது ராட்டர்டாம் சரக்கில் ஹெல்த் சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பிக்க இரண்டு நாள் தாமதித்து, கப்பலைத் தவறவிட்டு அடுத்த வாரக் கப்பலில் போனது. தாமதம் தங்கள் பக்கம்தான் என்று ஒத்துக்கொண்டு அந்த முறை பாதிக் கட்டணம்தான் வாங்கினார்கள். ஆனாலும் ஒரு வாரம் ஒரு வாரம்தான், அதற்குத்தான் அந்த அரை மதிப்பெண். மாடிப்படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப்போனால் கைபிடித்து ஏற்றுங்கள். கீழே வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் போவது நல்லது.

புதிதாகப் போகிறவர்கள் மார்ச்சிலேயே போங்கள், காய் விழுந்த பிறகு போகாதீர்கள். போகும்போது எந்த நாட்டுக்கு என்று மட்டும் சொல்லாமல், அங்கிருந்து சரக்கு வேறு எங்கே போகும் என்பதையும் வாங்குபவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள், அக்கா கேட்கும் முதல் கேள்வியே அதுதான். தோப்பில் அடித்த மருந்துக் குறிப்பேடும் கையில் இருக்கட்டும்.

கொழும்புக்காரர் போன வாரம் மறுபடி 20 டிரம் கேட்டிருக்கிறார். நேற்று அக்காவிடம் சொன்னேன். பழைய கோப்பை எடுத்து, பென்சில் வட்டம் போட்ட அதே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, எந்த ஒப்பந்தத்தின் படிவம் வேண்டும் என்று கொழும்புக்காரரே வாயால் சொல்லி எழுத்திலும் அனுப்பட்டும் என்று அங்கேயே அவருக்குப் போன் போட வைத்தார். பதில் சாயங்காலமே வந்துவிட்டது. திங்கட்கிழமை விண்ணப்பிக்கிறோம்.